கொம்பன் தின்ற மாப்பிள்ளைப் பழம்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மணி,

தகுதிகாண் காலத்தில் இருக்கும் இளைஞனைப்போல அதிகாரத் தோரணை காட்டுபவன் இவ்வுலகில் வேறொருவனும் இல்லை. வேலை நிரந்தரமானவனுக்குத் தன் வேலையின் அளவு தெரியும். எனவே அவன் வாயை மூடிக்கொண்டிருப்பான். நிரந்தரமாகாதவனுக்கு அது தெரியாது. எனவே அவன் வீட்டுக்குக் கடிதம் எழுதுவான். நான் எழுதினேன்.

எழுபதுகளின் இறுதிக் காலம் அது. எனக்கு வயது இருபத்து நான்கு. பொத்துவிலுக்கு அப்பால், காட்டோரத்துக் குளமொன்றின் கரையில், வெளிநாட்டாருக்கென்று புதிதாகத் திறக்கப்பட்டிருந்த தங்குவிடுதியில் எனக்கொரு வேலை கிடைத்திருந்தது. அங்கிருந்து கல்முனையிலுள்ள என் உம்மாவுக்கு நான் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில் பின்வரும் வாக்கியம் இடம்பெற்றிருந்தது: “இவ்விடத்திலுள்ள மனிதரும் மிருகங்களும் தற்போது எனது மேற்பார்வையின் கீழ் இருந்து வருகின்றனர்.”

உண்மை நிலவரத்தை இப்பொழுதாவது சொல்லிவிடுவது முறை. வருகிறவர்களின் பெயரைப் புத்தகத்தில் எழுதுவதும், அறைத் திறப்பைக் கையில் கொடுப்பதும், சுடுநீர்ப் போத்தலை நிரப்பி வைப்பதுமே என் பணிகள். மனிதரில் ஒருவர்கூட என் மேற்பார்வையில் இல்லை. மிருகங்களில், அலுவலக அறைச் சுவரில் வசித்த பல்லியொன்று மாத்திரம் இருந்தது. (அதுவும் நான் சொல்வதைக் கேட்டதில்லை.) நான் சொல்லவரும் நாளில் மூன்று மாதத் தகுதிகாண் காலத்தில் ஒன்பது நாட்கள் எஞ்சியிருந்தன. அந்த ஒன்பது நாளும் குற்றம் குறையின்றிக் கழிந்தால் நிரந்தர நியமனம் என்று மனேஜர் ஐயா கூறியிருந்தார்.

விடுதியைப் பற்றியும் சில வார்த்தைகள் கூறவேண்டும். காணக் கிடைக்காத காட்டு மிருகங்களுக்கு அண்மையில் படுத்துறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கடல் கடந்து வருகிறவர்களுக்காக அது கட்டப்பட்டிருந்தது. இலுக்குப்புல் வேய்ந்த நான்கு குடில்கள், அலுவலகத்தோடு சேர்ந்த ஒரு விறாந்தை, ஒரு சமையற்கட்டு, முற்றத்தின் நடுவே மரக்கால்களின் மேல் ஓர் உயரமான பரண். இவற்றைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி. கரடி வரும், சிறுத்தை வரும் என்றெல்லாம் சொல்லப்பட்டாலும், வந்தவர்கள் எல்லோரும் விசாரித்தது கொம்பனைத்தான். எங்கள் நாட்டு யானைகளில் தந்தமுள்ளது மிகவும் அருமை. அந்தக் குளத்துக்கு அப்படியொன்று வந்து போவதாகப் பேச்சிருந்தது. பேச்சு மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

என் கடிதத்தை உம்மா பக்கத்து வீட்டாரைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டிருக்கிறார். பிறகு தெருவுக்கே வாசிப்பித்திருக்கிறார். கடைசியில் அது சம்மாந்துறையில் ஆதம்பாவா போடியாரின் காதுக்கு எட்டிவிட்டது. நெற்காணியும் அரிசி ஆலையும் உடையவர். தம் மூன்றாவது மகள் பரீதாவுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். பரீதாவை நான் ஒரு தடவை பார்த்திருந்தேன். உறவினர் கல்யாணமொன்றில் கையில் பணியாரத் தட்டோடு நின்று எதற்கோ சிரித்தாள். (என்னைப் பார்த்து அல்ல. அது பிற்காலத்தில்.) அன்று முதல் எனக்கு வேறு பெண் தேவையில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அதை நான் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் கேட்பதில்லை. பெண் வீட்டார்தான் பழக்குலைகளோடு வந்து மாப்பிள்ளை கேட்பார்கள். பழத்தை உள்ளே எடுத்துவைத்தால் சம்மதம். வாசலோடு திருப்பி அனுப்பினால் சம்பந்தம் வேண்டாம் என்று பொருள். அந்த அவமானத்தை இரண்டு தலைமுறைக்கு மறக்கமாட்டார்கள்.

உம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதிய பதில் கடிதம் வந்தது. “மகன், போடியார் வந்து கேட்டார். கோட்டல் வேலையெண்டா ரொட்டி போடுறதா எண்டார். நீ எழுதின காயிதத்த வாசிப்பிச்சுக் காட்டினன். வாயடைச்சுப் போனார். வேல நிரந்தரமெண்டா பேசலாமாம். நீ லீவில வரேலாதெண்டு சொன்னதால, வாற வியாழக்கிழம அவரே அங்க வந்து ஒண்ட வேலயும் பாத்து, பழத்தயும் ஒண்ட கையில தாறாராம். நல்லபடியா நடந்துக்க.”

வாசித்து முடித்ததும், பழம் என்ற சொல்லுக்கு மட்டும் திரும்பி வந்தேன். ஏனென்றால் அவ்விடுதியில் ஒரேயொரு பெருஞ்சட்டம் இருந்தது: வேலிக்கு உள்ளே பழம் வரக்கூடாது. யானை மூக்குக்குப் பழ வாடை எத்தனை தூரத்திலும் எட்டும். விருந்தினரின் காலையுணவுக்கான சிறிதளவு பழம்கூட இரும்புக் கதவுள்ள கொங்கிறீட் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அதன் திறப்பு மனேஜர் ஐயாவின் காற்சட்டைப் பைக்குள் இருக்கும். மீறுகிறவர் அன்றே வெளியே போகவேண்டும். வேலி வாசலிலிருந்த படலைக்கு அருகே இதை அறிவிக்கும் பலகையில் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் வேறு யாரோ எழுதினார்கள். தமிழை எழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அதை எழுத நான் இரண்டு நாட்கள் எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை. மனேஜர் ஐயா மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஜீப்பை எடுத்துக்கொண்டு பொத்துவிலுக்குப் போயிருந்தார். பின்னேரத்து அசர் தொழுகை முடித்து நான் எழுந்த வேளையில், படலைக்கு முன்னால் நெல் ஏற்றும் லொறியொன்று வந்து நின்றது. முன்னாசனத்திலிருந்து வெள்ளைச் சாரனும், தோளில் சால்வையுமாக ஆதம்பாவா போடியார் இறங்கினார். அவருக்குப் பின்னால், முக்காட்டைச் சரிசெய்தபடி பரீதாவின் சாச்சி, அதாவது தாயின் தங்கை, இறங்கினார். போடியார் என்னைப் பார்ப்பதற்கு முன் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உரத்து வாசிக்கத் தொடங்கினார்.

“இவ்வெல்லையினுள் கனிவர்க்கங்களைக் கொணர்தல் வனவிலங்கினங்களின் நாசியைத் தூண்டுமாதலின் அஃது அறவே விலக்கப்பட்டுள்ளது.”

வாசித்துவிட்டுத் தலையை அசைத்தார்.

“நல்ல தமிழ். ஆரு எழுதின?”

“நான்தான்.”

“மாஷா அல்லாஹ்” என்றார். அதன் பொருள் அவருக்கு எட்டியதாகத் தெரியவில்லை. பிறகு லொறிக்காரரின் பக்கம் திரும்பி, “பழத்த இறக்கு” என்றார்.

ஐந்து வாழைக்குலைகள் இறங்கின. மூன்று கோழிக்கூட்டு, இரண்டு கதலி. அனைத்தும் தோல் வெடிக்கும் பருவத்துப் பழங்கள். அதன்பின் சாக்கில் சுற்றிய இரண்டு பொருட்கள் இறங்கின. அவற்றை யாரும் அவிழ்த்துக் காட்டத் தேவையிருக்கவில்லை. லொறிக்காரர் என்னைக் கடந்தபோதே தெரிந்துவிட்டது.

“வருக்கன் பலா” என்றார் சாச்சி பெருமையோடு. “ஒங்கட உம்மாதான் சொன்னா, புள்ளக்கி வருக்கன் எண்டா உசிர் எண்டு. நேத்துத்தான் பழுத்திச்சு. வழியெல்லாம் மணந்து, ஊரெல்லாம் எட்டிப் பாத்த.”

அந்தக் கணத்தில் ஓர் அறிவாளி என்ன செய்திருப்பான்? “மாமா, இங்கே பழத்துக்குத் தடை, எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார், லொறியிலேயே இருக்கட்டும்” என்று சொல்லியிருப்பான். நான் அப்படிச் சொல்வதற்கு இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, பழத்தைத் திருப்பினால் பரீதா இல்லை. மற்றது, எனக்கு மேலே ஒருவர் இருப்பதாக என் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

“உள்ளே கொண்டு வாருங்கள்” என்றேன். வாய் நன்றாகச் சிரித்தது.

சமையற்கட்டு வாசலில் கந்தசாமி அண்ணன் நின்றார். திருக்கோவில் என்ற ஊரைச் சேர்ந்த சமையற்காரர். காடு தெரிந்த மனிதர்.

“இதென்ன தம்பி, கோயில் திருவிழாவா?”

“மெல்லக் கதைங்க அண்ணன். மாப்பிள்ளைப் பழம்.”

“மனேசர் கண்டா நீ மாப்பிள்ளையுமில்ல, கிளாக்கருமில்ல. திருப்பி லொறியில ஏத்து.”

“திருப்பினா சம்பந்தம் முறிஞ்சிரும் அண்ணன்.”

“திருப்பாட்டி வேலி முறியும்” என்று சொல்லிவிட்டு அவர் கறியைக் கிளறப் போய்விட்டார்.

நான்காம் இலக்கக் குடிலில் அன்று ஆளில்லை. பழம் அனைத்தையும் அதன் குளியலறையில் அடுக்கி, கட்டில் விரிப்பொன்றால் போர்த்து, சிறிய ஜன்னலைச் சாத்தினேன். வாடை நின்றபாடில்லை. ஒரு போத்தல் பினாயிலை ஊற்றினேன். இப்பொழுது பினாயில் ஊற்றிய பலாப்பழம் மணத்தது. இக்கட்டில்தான் மனித மூளை உச்சத்தை எட்டுகிறது. வியாழன் பின்னேரங்களில் புகைக்கவென்று உம்மா என் பெட்டிக்குள் வைத்துத் தந்திருந்த சாம்பிராணி நினைவுக்கு வந்தது. சமையற்கட்டில் தணல் வாங்கி, பழைய தகரப் பேணியில் இட்டு, ஒரு கைப்பிடி சாம்பிராணியைத் தூவி, குளியலறை வாசலில் வைத்தேன். எங்கள் வீட்டில் மீன் வாடைக்கு அதுதான் மருந்து.

தணல் தந்த கந்தசாமி அண்ணன் புகை போன திசையைப் பார்த்தார்.

“பழமும் வெச்சு, சாம்பிராணியும் புகைச்சு, நல்ல மரியாதையாத்தான் ஆனையக் கூப்பிடுறாய்.”

நான் விறாந்தைக்குத் திரும்பினேன். அங்கே தேநீருக்கு முன்னால் போடியாரும் சாச்சியும் அமர்ந்திருந்தார்கள். எதிரே, விடுதியில் அன்று தங்கியிருந்த ஒரேயொரு வெள்ளைக்காரத் தம்பதியர். இருவரும் நெட்டையான வயோதிபர். கொம்பனைக் காண வந்து ஒன்பது நாட்களாகின்றன. அதுவரை அவர்கள் கண்டது மயில்கள், ஒரு முயல், ஓர் உடும்பு ஆகியனவே. உடும்பை மட்டும் அந்த அம்மையார் நாற்பது தடவை படமெடுத்திருந்தார்.

“இவங்க என்னத்துக்குத் தம்பி வந்திரிக்காங்க?” என்று போடியார் கேட்டார்.

“கொம்பனப் பாக்க.”

“பாத்து?”

“பாத்திட்டுப் போறதுக்கு.”

போடியார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“நம்மட வயலுக்க ஆனை வந்தா நாங்க தகரம் அடிச்சு, வெடி கொளுத்தி, தொண்ட கிழியக் கத்திக் கலைக்கிறம். இவங்களுக்கு வரல்லயெண்டு கவல. அல்லாஹ் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கவலயக் குடுத்திரிக்கான்.”

அவர் என்ன சொல்கிறார் என்று வெள்ளைக்காரர் என்னைக் கேட்டார். என் ஆங்கிலம் அவ்வளவு தூரம் போகாது. “இவரிடம் நிறைய யானைகள் உண்டு” என்ற பொருள்பட எதையோ சொல்லிவைத்தேன். அவர் எழுந்து வந்து போடியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சாச்சியின் பார்வை முழுவதும் என்மேல் இருந்தது.

“இந்த மிருகமெல்லாம் ஒங்கட சொல்லுக் கேக்குமா தம்பி?”

“ஓரளவுக்கு” என்றேன். (ஓம், அப்படித்தான் சொன்னேன்.)

“அப்ப ஒரு மிருகத்த வரச் சொல்லுங்களன் பாப்பம்.”

“இது அதுகள் ஓய்வெடுக்கிற நேரம்” என்றேன்.

வெயில் சாய்ந்தது. வெள்ளைக்காரத் தம்பதியர் வழமைபோலக் கமராவோடு பரணில் ஏறினார்கள். அந்தப் பரணுக்குச் சாத்துகிற மரஏணி ஒன்றிருந்தது. ஒருமுறை கரடியொன்று அதன் வழியே ஏறி விருந்தினரைச் சந்திக்க முயன்றதால், வேலிக்குள் மிருகம் நுழைகையில் கடைசியாக ஏறுபவர் ஏணியை மேலே இழுத்துக்கொள்ள வேண்டுமென்பது விதி. போடியார் அறைகளைப் பார்க்கவேண்டும் என்றார். நான்காம் இலக்கத்தைத் தவிர்த்து மற்றவற்றை அவருக்கும் சாச்சிக்கும் காட்டிக்கொண்டு வந்தேன். முற்றத்தைக் கடக்கையில் போடியார் நின்றுவிட்டார். மூக்கை உயர்த்தினார்.

“ஆனை வாட வருது.”

நான் அதிகாரபூர்வமாகச் சிரித்தேன். “இந்த நேரத்தில வராது மாமா.”

“தம்பி, முப்பது வருசம் வயலுக்குக் காவலிருந்தவன் நான். ஆனை வாட வருது.”

வேலிப் பக்கம் சிறியதொரு சத்தம் கேட்டது. முள்ளுக்கம்பியை யானை பிய்த்தெறிந்தது என்று நான் முன்னர் பலரிடம் கூறியிருக்கிறேன், அது உண்மையல்ல. சாய்ந்தது, அவ்வளவுதான். வேலி கூடவே படுத்துக்கொண்டது. அதன்மேல் கால் வைத்து, அந்திவெயில் தந்தங்கள் இரண்டிலும் பட, கொம்பன் உள்ளே வந்தது. எங்கள் விடுதி மாதக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்த கொம்பன்.

“ஓடப்படா” என்றார் போடியார், குரலை உயர்த்தாமல். “ஆரும் ஓடப்படா. நிண்ட இடத்தில நில்லுங்க.”

அவர் சொன்ன ஒவ்வோர் எழுத்தும் என் காதில் தெளிவாக விழுந்தது. விழும்போது நான் ஓடிக்கொண்டிருந்தேன். ஏணிப்படிகளில் என் கால் பட்டதாக நினைவில்லை, மேலே இருந்தேன். இருந்ததும், விடுதியின் விதிகளுள் பழத்தைப் பற்றியதை மறந்தவனாகிய நான், ஏணியைப் பற்றியதை மிகச் சரியாக நினைவுகூர்ந்தேன். ஏணியை இழுத்தேன். கீழே என்னை நோக்கிச் சாச்சி வந்துகொண்டிருந்தார்.

“தம்பி! ஏணி! ஏணி தம்பி!”

வெள்ளைக்காரர் விஷயத்தை விளங்கிக்கொண்டு ஏணியின் மறுமுனையைப் பற்றிக் கீழே இறக்க முயன்றார். நான் விடவில்லை. எழுபது வயதுக் கனவானோடு நான் அங்கே இழுபறிப்பட்டேன்; வென்றேன். ஏணியை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மையாரின் கமரா அதையும் தவறவிடவில்லை.

பயம் என்று ஒரு சொல்லில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அவ்வளவு பயத்திலும் என் கைகள் ஏணியை எங்கும் முட்டாமல், படிப்படியாக, அக்கறையோடு இழுத்தன. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்னைப் பிடிப்பதில்லை.

கீழே போடியார் தோள் சால்வையை எடுத்தார். ஒரு நுனியைத் தாம் பிடித்துக்கொண்டு மறுநுனியை மச்சினியிடம் நீட்டினார். “இதப் புடி. என்னப் பாத்துக்கொண்டு பின்னுக்கு வா. அதப் பாக்காத.” அந்தச் சால்வையைப் பிடித்தபடி இருவரும் அடிமேல் அடி வைத்துப் பின்வாங்கி லொறியின் மறைவுக்குப் போனார்கள். யானை அவர்களைப் பார்த்தது. அவர்களால் தனக்கு ஆகவேண்டிய காரியம் ஏதுமில்லை என்று கண்டது. பரணுக்குக் கீழாக, கையெட்டினால் முதுகைத் தொடக்கூடிய தூரத்தில், நான்காம் இலக்கத்தை நோக்கி நடந்தது.

அதன்பின் நடந்தது முழுவதும் ஒழுங்குமுறையோடு நடந்தது. தும்பிக்கை ஜன்னலைத் தட்டிப் பார்த்தது. ஜன்னல் உள்ளே போனது. கட்டில் விரிப்பு வெளியே வந்து ஒரு கொம்பில் மாட்டிக்கொண்டு தொங்கியது. பழக்குலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பலாப்பழத்துக்கு ஜன்னல் போதவில்லை. ஆகையால் சுவர் போனது. நீர்க்குழாய் உடைந்து வானத்துக்குப் பீறிட, பலாப்பழங்களைக் காலால் மெல்ல நசுக்கி, சுளை சுளையாக, கல்யாண வீட்டில் முதற்பந்தியில் அமர்ந்தவரைப்போல அது உண்டது. இடிபாட்டுக்கு நடுவே சாம்பிராணிப் பேணி மட்டும் சரியாமல் நின்று புகைந்துகொண்டிருந்தது. என் அருகில் அம்மையார் கண்ணீர் வழியப் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில் ஜீப் வந்தது. படலைக்கு வெளியே, என் அறிவிப்புப் பலகைக்கு அருகில், மனேஜர் ஐயா எழுந்து நின்று முதலில் யானையைப் பார்த்தார். பிறகு பழத்தோலைப் பார்த்தார். பிறகு பரணில் ஏணியோடு இருக்கும் என்னைப் பார்த்தார்.

சாப்பிட்டு முடித்த யானை, வந்த வழியே, படுத்திருந்த வேலியை மிதித்துப் போய்விட்டது. நான் அசையவில்லை. சாச்சி முற்றத்துக்கு வந்து இடுப்பில் கை வைத்து மேலே பார்த்தார்.

“இறங்குங்க தம்பி. அது போயிட்டுது. ஒங்கட மேற்பார்வ முடிஞ்சிது.”

ஏணியை இறக்கினேன். மனேஜர் ஐயா சிங்களவர். சுருக்கமான தமிழ் பேசுவார்.

“பழம் யார் கொண்டு வந்தது?”

“நாங்கதான்...” என்று போடியார் தொடங்கினார்.

“இவர்களுக்குச் சட்டம் தெரியாது சேர். தெரிந்த நான்தான் வாங்கி உள்ளே வைத்தேன்” என்றேன். அன்று முழுவதும் நான் சொன்னவற்றில் மிகைப்படுத்தாத வாக்கியம் அது ஒன்றே.

“அந்த போர்ட் எழுதினது?”

“அதுவும் நான்தான் சேர்.”

“சரி. இன்றைக்கே போகலாம்.”

வெள்ளைக்காரர் இடையில் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, தம் வாழ்நாளில் இப்படியொரு நாளைக் கண்டதில்லை என்று மனேஜர் ஐயாவிடம் கூறினார். அம்மையார் நாளைக்கும் இதே நேரத்திலா என்று கேட்டார். மனேஜர் ஐயாவின் முகத்தில் ஒரு கணம் ஏதோ இளகியது. பிறகு அவர் நான்காம் இலக்கக் குடிலைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு மூன்று சுவர்களே இருந்தன. இளகியது மீண்டும் இறுகியது.

என் பெட்டியைக் கட்டிக்கொண்டு லொறியடிக்கு வந்தேன். சொல்லவேண்டியதை அங்கே சொன்னேன். நான் மேற்பார்வையாளன் அல்லன், கிளாக்கர், அதுவும் நிரந்தரமில்லை, இப்பொழுது அதுவுமில்லை, கடிதத்தில் எழுதியதில் பாதி பொய், மீதி ஆசை. பெண்ணைக் கட்டும் தகுதி எனக்கில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஒன்றை மட்டும் வாய் சொல்ல மறுத்தது.

போடியார் சால்வையை உதறித் தோளில் போட்டார்.

“ஏணிய இழுத்தீங்க. அதக் கண்ட. நானும் இளந்தாரியில ஆனையக் கண்டு மரத்தில ஏறினவன்தான். எனக்கு ஒண்டுதான் விளங்கல்ல. பழத்த ஏன் திருப்பல்ல?”

“திருப்பினா சம்பந்தம் வேணாமெண்டதாப் போயிரும்.”

“வச்சிரிந்தா வேல போகுமெண்டு தெரியுமா?”

“ஓம்.”

“ஆனை வருமெண்டு?”

“கந்தசாமி அண்ணன் சொன்னார்.”

அவர் லொறியின் கதவைத் திறந்தார்.

“ம். லொறியில ஏறுங்க.”

“மச்சான்!” என்றார் சாச்சி. “இவரயா? என்ன ஆனைக்கிட்ட வுட்டிட்டு ஏணியத் தூக்கிக்கொண்டு போனவரயா?”

“நீயும் ஏறு புள்ள. நேரமாகுது.”

விஷயம் அத்தோடு முடிந்திருந்தால் நன்று. ஆனால் சம்மாந்துறையில் பரீதாவின் குடும்பத்தார் இரண்டாகப் பிரிந்தனர். மாப்பிள்ளைப் பழம் மாப்பிள்ளை வீட்டாரால் உண்ணப்பட்டால்தான் சம்மதமாகும். இங்கே ஒரு சுளைகூட மாப்பிள்ளையின் வாய்க்குள் போகவில்லை. ஆகையால் பேச்சு முற்றுப்பெறவில்லை என்று ஒரு கட்சி. அதற்குத் தலைமை சாச்சி. “பழத்தத் திண்டது ஆனை. அப்ப மாப்பிள்ள ஆருகா? நிக்காஹ்வ ஆருக்குச் செய்யப் போற?” என்று அவர் கேட்டார். இறுதியில் அவர்களுடைய குடிக்குப் பெரியவரான மரைக்காரிடம் வழக்குப் போனது. இரு பக்கமும் கேட்ட அவர், வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கூறிய தீர்ப்பு இது: “பழம் மாப்பிள்ளையின் கையில் குடுக்கப்பட்டது. அவர் உள்ளுக்கு எடுத்து வெச்சார். மறுகா அவர் ஆருக்கு விருந்து வெச்சார் எண்டது அவர்ர விருப்பம்.”

போடியார் சொன்ன நிபந்தனை ஒன்று எஞ்சியிருந்தது. வேலை நிரந்தரமாக வேண்டும். அவர் என்னைத் தம் ஆலையில் சேர்த்து, மூன்று மாதத் தகுதிகாண் காலம் வைத்தார். அந்த மூன்று மாதமும் நான் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. நான்காம் மாதம் கல்யாணம்.

நிக்காஹ் முடிந்து பெண்ணின் அறைக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் உள்ளத்தில் பல நாட்களாக அடுக்கி வைத்திருந்த அழகிய வாக்கியங்களுள் முதலாவதைத் தொண்டைவரை கொண்டுவந்துவிட்டேன். பரீதா குனிந்த தலை நிமிரவில்லை.

“இந்த அறையில ஏணி ஒண்டுமில்ல” என்றாள். “பரவால்லயா?”

என் வாக்கியங்கள் அனைத்தும் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன. இன்றுவரை அவற்றைச் சொல்லச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

ஒரு வருடம் கழித்து, அந்த வெள்ளைக்கார அம்மையார் விடுதி முகவரிக்கு அனுப்பிய படமொன்றைக் கந்தசாமி அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். கீழே, பலாப்பழத்தோடு கொம்பன். மேலே ஒரு மூலையில், ஏணியை அணைத்தபடி, பல் முப்பத்திரண்டும் தெரிய நான். போடியார் அதைக் கண்ணாடி போட்டுத் தம் வீட்டு மண்டபத்தில் மாட்டுவித்தார். லொறியடியில் சொன்ன அந்த ஒருமுறையைத் தவிர, அவர் மறையும்வரை ஏணி என்ற சொல்லை என் முன்னால் ஒருநாளும் உச்சரித்ததில்லை. படத்தை மாட்டிய ஆணியையும் கழற்றியதில்லை. எண்பதுகளின் நடுவே விடுதி மூடப்பட்டுக் காடு மறுபடியும் அதை எடுத்துக்கொண்டது. கொம்பனைப் பற்றி அதற்குமேல் எனக்குத் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் என் பெயர் ஏணி மச்சான். இளையோருக்கு ஏணி மாமா. கல்யாணப் பேச்சுக்குப் பழக்குலை ஏற்றும் ஒவ்வொரு தடவையும், “ஆனைக்கும் ஒரு குல வெச்சாச்சா?” என்று யாராவது கேட்பார்கள். வீட்டில் இடி முழங்கினால், மின்சாரம் போனால், என் மனைவி செய்கிற முதல் வேலை என் பக்கம் திரும்பி, “நானும் இரிக்கன், மறந்திராதீங்க” என்பது.

இவற்றையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லக் கதையில் ஒரு பிழை புகுந்துவிட்டது. சாச்சியின் வலது கால் ஏணியின் முதற்படியில் இருக்கும்போது நான் அதை உருவினேன் என்றும், அவர் அதனால் விழுந்தார் என்றும் இப்போது சிறுபிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். சாச்சி இப்போது உயிரோடு இல்லை. உயிரோடிருந்த காலத்திலும் அவர் அதைத் திருத்தவில்லை. அல்லாஹ் சாட்சியாக எழுதுகிறேன்: அவர் ஏணியிலிருந்து பத்துக் காலடி தள்ளி இருந்தார். (என் மனைவி இதை வாசித்துவிட்டு ஐந்து என்கிறாள். அவள் அங்கே இருக்கவில்லை. ஏழு என்று வைத்துக்கொள்வோம்.)

நான் இல்லாத காலத்தில் இதைச் சரியாகச் சொல்ல ஆளிருக்காது. ஆகவே, ஐயா, அல்லது அம்மணி, இந்தத் தாள்களைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.